மிச்ச மண்

தும்பைக்காட்டூரில் அந்தக் குழியைத் தோண்டியது ஒரு செவ்வாய்க்கிழமை என்று சிலர் சொல்வார்கள், இல்லை, சந்தைக்குப் போய்விட்டு வரும்போதுதான் பார்த்தோம், ஆகவே வியாழன்தான் என்று சிலர் சாதிப்பார்கள். ஆனால் குழி ஆறடி நீளம், நாலடி அகலம், ஆறடி ஆழம் என்பதிலும், அது மருதாத்தாளின் மேற்குக் காட்டில், வெங்காயம் பறித்துவிட்டு வெறுமனே கிடந்த இடத்தில் தோண்டப்பட்டது என்பதிலும், அதை நிரப்புவதற்காகத் தன் காட்டு மேல்மண்ணை முதலில் வெட்டிச் சுமந்தவள் அவள்தான் என்பதிலும் ஊரில் இரண்டு பேச்சு கிடையாது.

தோண்டச் சொன்னவன் எட்வின். மண் ஆய்வு அலுவலகத்திலிருந்து வந்தவன், கன்னியாகுமரிப் பக்கத்துக்காரன், கண்ணாடி போட்ட ஒல்லி ஆள். ஊருக்குத் தெற்கே பெரிய தொழிற்பேட்டை ஒன்று வரப்போவதாகவும், அதற்காகச் சுற்றுவட்டாரத்து நிலத்தையெல்லாம் எட்டு வகுப்பாகப் பிரிக்கப்போவதாகவும், முதல் நாலு வகுப்பில் சேர்ந்த மண்ணை யாரும் தொடக்கூடாது, அதற்குக் கீழே போனதை எடுத்துக்கொள்ளலாம் என்று உத்தரவு இருப்பதாகவும் அவன் வருவதற்கு முன்பே சேதி வந்திருந்தது. ஆகவே அவன் குழிக்குள் இறங்கியபோது அறுபத்திரண்டு வீட்டு ஆட்களும் குழியைச் சுற்றி நின்றார்கள், பிரசவ அறைக்கு வெளியே நிற்கிறவர்களைப் போல.

எட்வின் குழியின் சுவரைக் கத்தியால் சுரண்டினான், பிறகு தள்ளி நின்று பார்த்தான், பிறகு ஒரு துண்டு மண்ணை எடுத்து எச்சில் தொட்டுக் குழைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கி நசுக்கி நாடாவாக்கினான், நாடா ஒரு அங்குலம் நீண்டதும் தானாக ஒடிந்து விழுந்தது.

"என்னுங்க கண்ணு, செவுத்துல என்ன எழுதியிருக்குது?" என்றாள் மருதாத்தாள். அவளுக்கு நாற்பத்தேழு வயது, நாலு ஏக்கர் காடு, வாய் கொஞ்சம் அதிகம்.

"எழுதித்தான்மா இருக்கு" என்றான் எட்வின். "மேல எட்டு அங்குலம் இருட்டு நிறம், வேரும் மண்புழு ஓட்டையுமா. அதுக்குக் கீழ நாலடி வரைக்கும் சிவப்பு. அதுக்கும் கீழ கொஞ்சம் களி கூடுது, ஆனா ஆறடி வரைக்கும் ஒரு கல்லு இல்ல. மணலும் வண்டலும் களியும் ஒண்ணை ஒண்ணு மிஞ்சாம கலந்த இருமண். சாம்பல் புள்ளி ஒண்ணுகூட விழல. அப்படின்னா இந்த மண்ணுல தண்ணி ஒரு நாளும் தேங்கி நின்னதில்ல."

ஒரு குடம் தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குழியின் அடியில் ஊற்றினான். தண்ணீர் கொஞ்ச நேரம் யோசிப்பது போல நின்றது, பிறகு அவசரப்படாமல் உள்ளே போனது.

"முதல் வகுப்பும்மா" என்றான்.

"எட்டுல மேல இருந்து மொதலா, கீழ இருந்து மொதலா?"

"மேல இருந்துதான்."

ஊர் ஒரே நேரத்தில் மூச்சு விட்டது. ராக்கியப்பன், மருதாத்தாளின் புருசன், தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவள் பாட்டுக்கு அவள் குழியின் விளிம்பில் குத்தவைத்து உட்கார்ந்து, ஆறடி மண்ணையும் மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள். பிறந்ததிலிருந்து இந்த ஊர் மண்ணின் மேலே நடந்திருக்கிறாளே தவிர அடியில் என்ன இருக்கிறது என்று அவளும் இப்போதுதான் பார்க்கிறாள். திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போன அவள் தங்கச்சி ஒரே அறையில் நாலு பேரோடு குடியிருக்கிறாள். அப்படி ஓர் அறைக்குள் தான் போய் விழாமல் தடுத்து நிறுத்துவது இந்தச் சிவப்பு ஒன்றுதான் என்று மருதாத்தாளுக்குத் தெரியும்.

"இன்னும் பெரியவங்க வந்து பாத்து ஒத்துக்கணும்" என்று எட்வின் போகும்போது சொன்னான். "தை மாசக் கடைசியில அவங்களைக் கூட்டிட்டு வாறேன். அதுவரைக்கும் குழியை மூடிடுங்க, ஆடு மாடு விழுந்துடும்."

அவன் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியது ஒன்று உண்டு என்று அவனுக்கும் தோன்றியிருக்காது.

தும்பைக்காட்டூரில் ஒரு வழக்கம் உண்டு. பெண் எடுத்தாலும் கொடுத்தாலும் நிச்சயத்துக்கு முன்னால் இரண்டு வீட்டாரும் அவரவர் காட்டில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி, தோண்டிய மண்ணையே திருப்பிப் போட்டு மிதிப்பார்கள். மண் மிச்சப்பட்டால் அந்தக் குடும்பம் செழிக்கும், சரிக்குச் சரியாக இருந்தால் பாதகமில்லை, போதாமல் போனால் வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். மிச்ச மண்ணைத் தானியம் அளக்கும் வள்ளத்தால் அளப்பார்கள். ராக்கியப்பன் வீட்டுக் காட்டில் நாலு வள்ளம் மிச்சம் வந்தது, அதனால்தான் மருதாத்தாளைக் கொடுத்தார்கள். "என்ற மூஞ்சிய யாரு பாத்தா? நாலு வள்ளம் மண்ணத்தான உங்கப்பன் பாத்தாரு" என்று அவன் இன்றைக்கும் சொல்லுவான். "ஆமாங், மூஞ்சியப் பாத்திருந்தா குடுத்திருப்பாரா?" என்று அவளும் இன்றைக்கும் சொல்லுவாள்.

அன்று சாயங்காலம் நாலு ஆண்கள் சேர்ந்து தோண்டிய மண்ணையெல்லாம் குழிக்குள் தள்ளினார்கள். கடைசி மண்வெட்டி மண்ணும் உள்ளே போன பிறகு குழி இன்னும் இரண்டடி பாக்கி இருந்தது.

காற்றில் பறந்திருக்கும் என்றார் ஒருவர். ஊரின் பெரியதனக்காரர் அங்கமுத்து சுற்றிவந்து பார்த்துவிட்டு, "நாளைக்கு வெடியால பாத்துக்கலாம், வெளிய ஒருத்தருகிட்டயும் மூச்சு உடாதீங்க" என்றார்.

விடிந்து பார்த்தபோது நாலடி பாக்கி இருந்தது.

குழியில் பொந்து இல்லை, பிளவு இல்லை, அடியில் ஓடும் வாய்க்காலும் இல்லை. இறங்கிக் குத்திப் பார்த்தார்கள், கெட்டியாகத்தான் இருந்தது. மேலே போட்ட மண் மட்டும், குடத்துத் தண்ணீர் போனதைப் போலவே, கொஞ்ச நேரம் நின்று, பிறகு அவசரப்படாமல் உள்ளே போனது. இதை ஊர் பெரிதாக வியந்தது என்று சொல்ல முடியாது. மண்ணுக்குப் பசிக்கிறது, அவ்வளவுதானே என்றார்கள். ஊர் பதறியது வேறொன்றுக்கு: இந்தக் குறை இருக்கும்போது தை மாசம் பெரிய அதிகாரி வந்து பார்த்தால், மண் போதாத ஊர் என்று முதல் வகுப்பைப் பறித்துவிடுவாரே என்பதற்கு.

"அந்தத் தம்பியவே கேட்டுரலாமே" என்றான் ராக்கியப்பன். "நெம்பரு குடுத்துட்டுத்தான போயிருக்குது? அவிய கணக்கு வேறயா இருக்கும், நம்ம கணக்கு வேறயா இருக்கும்."

"நல்லா இருக்குதுங்க உங்க யோசனை" என்றாள் மருதாத்தாள். "பொண்ணு தூக்கத்துல பேசும்னு மாப்ள ஊட்டுக்கு நாமளே போன் போட்டுச் சொல்லுவமா?"

கூட்டம் அவள் பக்கம் சாய்ந்தது. அங்கமுத்துவும் தலையாட்டினார். அவள் வீட்டுக்குப் போய்க் கூடையை எடுத்து வந்தாள், குழிக்கு வடக்கே தன் காட்டிலேயே ஒரு விரற்கடை மேல்மண்ணை வழித்து எடுத்தாள், தலையில் சுமந்து வந்து குழிக்குள் கொட்டினாள், ஒரு விரற்கடை மண் போனால் காடு செத்தா போய்விடும் என்றாள். அடுத்து அங்கமுத்துவின் மருமகள் வந்தாள், அடுத்து டீக்கடைத் துளசிமணி, அடுத்து கிழக்கு வளவு ஆட்கள்.

முதலில் வேறு எதையாவது போட்டு ஏமாற்றப் பார்த்தார்கள் என்பதும் உண்மைதான். ஓடைக்கல் போட்டார்கள், இடிந்த பள்ளிக்கூடத்துச் செங்கல் போட்டார்கள், ஆற்று மணல் போட்டார்கள், பக்கத்து ஊரான கல்லாங்காட்டிலிருந்து நாலு டிராக்டர் மண் கொண்டுவந்து போட்டார்கள். மறுநாள் அத்தனையும் குழியின் கரையில் குவிந்து கிடந்தன, பிடிக்காத கத்தரிக்காயைக் குழந்தை தட்டின் ஓரம் ஒதுக்கியதைப் போல. தும்பைக்காட்டூர் மேல்மண்ணைப் போட்டால் மட்டும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது.

"நாக்கு நீளமப்பா இதுக்கு" என்றாள் துளசிமணி.

கல்லாங்காட்டுக்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். அவர்கள் ஊர் முழுக்கச் சரளை, ஒரு சாண் தோண்டினால் கல் பல்லிளிக்கும், தும்பைக்காட்டூர் மண்ணைப் பார்த்து மூன்று தலைமுறையாக வயிறெரிந்தவர்கள். "என்னுங்க அங்கமுத்தண்ணா, உங்கூரு மண்ணுக்கு வயித்தால போகுதாமா?" என்று கேட்டார்கள். "உங்கூரு மண்ணத் தின்னு பாத்துச்சு, அதுலதான் ஒத்துக்கல" என்றார் அங்கமுத்து. அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். ஊர் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி என்று பிறகு நினைத்துப் பார்த்துச் சொன்னார்கள்.

புரட்டாசி போயிற்று. வெடியால எழுந்ததும் பால் கறப்பது, வாசல் தெளிப்பது, ஒரு கூடை மண் வெட்டிக் குழியில் போடுவது என்று ஆகிப்போனது. துளசிமணி தன் கடையைக் குழிக்கரைக்கே மாற்றிக்கொண்டாள். மண் போட்டுவிட்டு டீ குடிக்கிறவர்கள், டீ குடித்துவிட்டு மண் போடுகிறவர்கள் என்று ஊர் இரண்டு கட்சியானது. குழிக்கரையில் வைத்தே ஒரு பாகப்பிரிவினை பேசி முடித்தார்கள். வெளியூருக்குக் கட்டிக் கொடுத்த பெண்கள் பிறந்த வீட்டுக்கு வந்தால், செருப்பைக் கழற்றிவிட்டு முதலில் ஒரு கூடை போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தார்கள். தாலி கட்டிய ஜோடி ஒன்று மாலையோடு வந்து ஒரே கூடையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு போட்டது. போட்டோக்காரன், "இன்னொருக்கா போடுங்க, கண்ண மூடிட்டீங்க" என்றான், மறுபடி போட்டார்கள்.

ஒரு விரற்கடை என்று தொடங்கியது ஒரு சாண் ஆயிற்று, ஒரு சாண் ஒரு முழம் ஆயிற்று. கூடை போதாமல் டிராக்டர் வந்தது. காடுகள் இறங்கின, வீடுகள் இறங்கவில்லை. வீட்டடி மண்ணை யார் வெட்டுவார்கள்? ஆகவே ஒவ்வொரு வீடும் தன் தன் மண்மேட்டின் மேல் தனியாக நின்றது. வாசலுக்கு ஒரு படி கட்டினார்கள், பிறகு இரண்டு படி, பிறகு ஐந்து. கிணறுகள் தரைக்கு மேலே முளைத்தன. முதலில் முழங்கால் உயரம், பிறகு இடுப்புயரம், பிறகு ஏணி வைத்து ஏறி எட்டிப் பார்க்க வேண்டியதாயிற்று. தென்னைகள் வேர்களைப் பரப்பிக்கொண்டு, சேலையைத் தூக்கிப் பிடித்துச் சேற்றைக் கடக்கும் பெண்களைப் போல நின்றன, சாய்ந்ததைக் கயிறு போட்டு இழுத்துக் கட்டினார்கள். இதற்கெல்லாம் பழகுவதற்கு ஊருக்கு அதிக நாள் ஆகவில்லை. "அஞ்சாவது படியில பாத்து வா அம்மிணி, ஆடுது" என்று ஒருவரை ஒருவர் எச்சரித்துக்கொண்டார்கள், அந்தப் படி போன வருசமும் அங்கேயே இருந்ததைப் போல.

ஐப்பசியில் மழை பிடித்தது. தும்பைக்காட்டூரில் மழை பெய்தால் அது ஓயும் முன்பே காடு குடித்து முடித்துவிடும், செருப்பில் சேறு ஒட்டாது, அதுதான் அந்த ஊரின் பெருமை. அந்த ஐப்பசியில் மருதாத்தாள் காலையில் கதவைத் திறந்து ஏழாவது படியில் நின்று பார்த்தாள். காடெல்லாம் தண்ணீர் நின்றது. சிவப்பாக, அசையாமல், போக வழியில்லாமல் நின்றது. எங்கிருந்தோ தவளைகள் வந்திருந்தன. அந்தச் சத்தத்தை அவள் இந்த ஊரில் கேட்டதே இல்லை.

அவள் படியிறங்கித் தண்ணீருக்குள் கையை விட்டாள். கை மணிக்கட்டு வரைக்கும்கூடப் போகவில்லை, நகத்தில் கல் தட்டியது. வெள்ளைச் சுக்கான்பாறை, கடப்பாரை ஏறாதது. ஆறடிக்குக் கீழே, யார் கண்ணிலும் படாமல், அது எப்போதும் அங்கேதான் இருந்திருக்கிறது.

ராக்கியப்பன் பின்னால் வந்து நின்றான். "போதும் புள்ள" என்றான். "நிறுத்திக்கலாம்."

அவள் தண்ணீரிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நீ மொத ஆளா நிறுத்துனா ஊரே நிறுத்தும். நீ போட்டுத்தான எல்லாம் போட்டாங்க?"

"இத்தன போட்டாச்சுங்களே" என்றாள் அவள். "இப்ப நிறுத்துனா போட்டதெல்லாம் வீணாப் போகுமுங்க. குழியும் நெறையாது, காடும் திரும்பாது. நெறஞ்சுதுன்னா மொத வகுப்பாவது மிஞ்சுமில்ல?"

"நெறையலீன்னா?"

அவள் எழுந்து போய்க் கூடையை எடுத்தாள். ராக்கியப்பன் அன்றிலிருந்து அந்த விசயத்தைப் பற்றிப் பேசவே இல்லை. மண்வெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு அவளோடு போனான், அவள் பிடிக்க அவன் அள்ளினான், வாய் ஓயாத வீட்டில் இரண்டு பேரும் மூன்று மாசம் மண்வெட்டிச் சத்தத்தில் குடும்பம் நடத்தினார்கள்.

கார்த்திகை, மார்கழி. மழையோடு கொஞ்சம் மண் ஓடையில் போனது, மிச்சத்தைச் சுரண்டித் துடைப்பத்தால் கூட்டி அள்ளினார்கள். வரப்பை வெட்டிப் போட்டார்கள், அதனால் யார் காடு எங்கே முடிகிறது என்பது போயிற்று. வேலியோரத்தில் பூச்செடி வைத்திருந்த தொட்டி மண்ணைப் போட்டார்கள். மருதாத்தாள் பாறை இடுக்கில் கரண்டியை விட்டு, நெய் ஒட்டிய சட்டியை வழிப்பதைப் போல வழித்து எடுத்தாள். யார் வீட்டிலும் அந்தத் தையில் விதைப்பு இல்லை. ஆனால் ஊரில் ஒரு நம்பிக்கை இருந்தது, அதைச் சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும். குழியின் மட்டம் ஏறத் தொடங்கியிருந்தது. பாக்கி மூன்றடி, இரண்டடி, ஒரு முழம், ஒரு சாண். தை இருபத்திரண்டாம் தேதி பகல் பதினோரு மணிக்கு மருதாத்தாள் கொண்டுவந்த கூடையை, எங்கே எடுத்தாள் என்று அவளுக்கே நினைவில்லாத அந்தக் கடைசிக் கூடையைக் கொட்டியபோது, மண் உள்ளே போகவில்லை. மேலே குவிந்து நின்றது. எல்லோரும் ஏறி மிதித்தார்கள். அப்போதும் நின்றது.

அங்கமுத்து வள்ளத்தைக் கொண்டுவரச் சொன்னார். ஒன்றரை வள்ளம் மிச்சம்.

வயசான ஆண்களும் அழுதார்கள். துளசிமணி அன்றைக்கு எல்லோருக்கும் சும்மா டீ கொடுத்தாள். குழிமேட்டுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து, அரளி மாலை போட்டு, தேங்காய் உடைத்தார்கள். ராக்கியப்பன் மூன்று மாசத்துக்குப் பிறகு வாயைத் திறந்து, "நம்ம கண்ணாலத்துக்கு நாலு வள்ளம்" என்றான். மருதாத்தாள் சிரிக்கப் பார்த்தாள்.

நாலு நாள் கழித்து எட்வின் பெரிய அதிகாரியோடு ஜீப்பில் வந்தான். ஜீப் கல்லில் குதித்துக் குதித்து வந்தது. இறங்கியதும் அவன் சுற்றிலும் பார்த்தான், வானத்தில் தொங்குவது போல நின்ற வீடுகளைப் பார்த்தான், ஏணி வைத்த கிணறுகளைப் பார்த்தான், பையிலிருந்து பழைய நோட்டை எடுத்துப் புரட்டினான்.

"இது தும்பைக்காட்டூர்தானேம்மா?"

"ஆமாங் கண்ணு. வாங்க, குழி நெறஞ்சிருச்சு. மிச்சமே வந்துச்சு" என்று மருதாத்தாள் அவனை மாலை போட்ட மேட்டுக்கு அழைத்துப் போனாள்.

எட்வின் அதன் அருகே நின்றான். "அம்மா" என்றான் மெதுவாக, "ஒரு தடவை தோண்டி மூடின குழியில நாங்க பாக்கவே மாட்டோமே. அது கலைஞ்ச மண்ணு. அது கணக்குல வராது. புதுசா வேற அஞ்சு எடத்துல தோண்டித்தான் பாப்போம்."

மருதாத்தாளுக்கு அவன் சொன்னது உடனே புரிந்தது, ஆனாலும் புரியாத மாதிரி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து இடத்தில் கடப்பாரை போட்டார்கள். ஐந்து இடத்திலும் முதல் குத்திலேயே ணங் என்றது. நாடாவாக்க மண் கிடைக்கவில்லை, வண்ணம் பார்க்க மண் கிடைக்கவில்லை. குடத்துத் தண்ணீரை ஊற்றினார்கள், அது பாறையின் மேல் அங்குமிங்கும் ஓடிவிட்டு வெயிலில் காய்ந்தது. பெரிய அதிகாரி கெட்டவர் இல்லை. அவர் ஊரைத் திட்டவும் இல்லை, கேலி செய்யவும் இல்லை. "முன்னாடி எழுதினது எந்த ஊரு எட்வின்?" என்று மட்டும் கேட்டார். பிறகு ஆழம் அரை அங்குலம் என்றும், ஏழாவது வகுப்பு என்றும் எழுதினார். உண்மையைத்தான் எழுதினார்.

"சார், இவங்க மண்ணு..." என்று எட்வின் தொடங்கினான். அவன் படித்த எந்தப் பாடத்திலும் இதற்கு வகுப்பு இல்லை. "எங்கிட்ட ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமேம்மா" என்றான் அவளிடம். கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"வெக்கமா இருந்துச்சு சாமி" என்றாள்.

பிறகு அவள் பெரிய அதிகாரியின் முன்னால் போய் நின்றாள். "கலஞ்ச மண்ணோ கலயாத மண்ணோ, அதுலயும் ஒருக்கா குத்திப் பாத்துருங்க. எங்கூட்டு மண்ணுங்க அது. அறுவத்திரண்டு ஊட்டு மண்ணுங்க."

பாவம் பார்த்துத்தான் அவர் சரி என்றார். எட்வின் துளைக்கும் கம்பியை மேட்டின் நடுவில் வைத்துத் திருகினான். அது வெண்ணெயில் இறங்குவதைப் போல இறங்கியது. கம்பி முடிந்ததும் இன்னொரு கம்பியை இணைத்தான், அதுவும் முடிந்தது, ஜீப்பில் இருந்த எல்லாக் கம்பிகளையும் இணைத்தான், எதுவும் அடியைத் தொடவில்லை. மேலே வந்த மண் கறுத்துச் சிவந்து, ஈரமாக, ஒரு கல் இல்லாமல், ஒரு சாம்பல் புள்ளி இல்லாமல் அவன் உள்ளங்கையில் உட்கார்ந்தது. பெரிய அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதை முகர்ந்து பார்த்தார். முப்பது வருச வேலையில் இப்படி ஒரு மண்ணைப் பார்த்ததில்லை என்றார். விதி விதிதான் என்றும் சொன்னார். ஆறடிக்கு நாலடி, இருபத்தி நாலு சதுர அடி, முதல் வகுப்பு, தொடக்கூடாது என்று தனித் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தொழிற்பேட்டை வந்தது. மேட்டு வீடுகள் ஒவ்வொன்றாக இறங்கின, ஆட்கள் திருப்பூருக்கும் பல்லடத்துக்கும் போனார்கள். மருதாத்தாளும் ராக்கியப்பனும் அவள் தங்கச்சி இருந்த தெருவிலேயே ஓர் அறை பிடித்தார்கள். அவள் பனியனில் நூல் பிசிறு வெட்டும் வேலைக்கும் அவன் காவல் வேலைக்கும் போனார்கள். பேட்டையின் நடுவில், இரண்டு கொட்டகைகளுக்கு இடையில், ஆளுயரக் கம்பி வேலிக்குள் அந்த ஆறடிக்கு நாலடி மட்டும் இருந்தது. அரசு முத்திரையோடு பலகை வைத்தார்கள். அறுபத்திரண்டு வீட்டுக்கும் பொதுவில் அது பாத்தியம் என்றும், வருசத்துக்கு ஒரு வீடு விதைத்துக்கொள்ளலாம் என்றும் அங்கமுத்து எல்லோரையும் ஒரு மண்டபத்தில் கூட்டி வைத்து முடிவு செய்தார். சீட்டுப் போடலாம் என்றார்கள். வேண்டாம், மொத வருசம் மருதாத்தாளுக்கே போகட்டும், அவள் காட்டில் இருந்த குழிதானே என்றாள் துளசிமணி. அதில் குத்தல் இருந்ததா இல்லையா என்று மருதாத்தாளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அவள் ஒரு கைப்பிடிச் சோளம் விதைத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வாயிலில் பெயர் எழுதிவிட்டு உள்ளே போய்க் களை பிடுங்கினாள், தண்ணீர் ஊற்றினாள். மழை பெய்தால் கொட்டகையைச் சுற்றியெல்லாம் குளம் கட்டும், அந்த இருபத்தி நாலு அடியில் மட்டும் ஒரு சொட்டு நிற்காது. சோளம் வேலியைத் தாண்டி வளர்ந்தது, அவள் தலைக்கு மேல் இரண்டாள் உயரம் போனது, கதிர் ஒவ்வொன்றும் கைக்குழந்தையைத் தூக்குவது போலக் கனத்தது. இடைவேளைக்கு வெளியே வரும் வேலையாட்கள் நின்று பார்த்தார்கள். வடக்கத்திப் பையன் ஒருவன் அதன் முன்னால் நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்பினான்.

அறுவடை நாளில் இரண்டு பேரும் வந்தார்கள். ராக்கியப்பன் தட்டையை அறுத்துக் கட்டினான், அவள் கதிரைச் சாக்கில் போட்டாள். வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அடுத்த வருசம் அங்கமுத்து வீடு, அதற்கடுத்த வருசம் துளசிமணி, அப்படியே வரிசையாகப் போய் மறுபடியும் அவர்கள் முறை வருவதற்கு இன்னும் அறுபத்திரண்டு வருசம் இருந்தது. அவளுக்கு அப்போது நாற்பத்தொன்பது நடந்துகொண்டிருந்தது.

வேலிக் கதவைப் பூட்ட வந்த காவலாளி சாக்கைத் திறந்து பார்த்துவிட்டுச் சரி என்றார். பிறகு அவள் காலைப் பார்த்தார்.

"காலைத் தட்டிட்டுப் போங்கம்மா. பயிரு கொண்டுபோகலாம், மண்ணு வெளிய போகக்கூடாதுன்னு உத்தரவு. முதல் வகுப்பாச்சே."

மருதாத்தாள் வேலியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலில் நின்றாள். ராக்கியப்பன் அவள் முழங்கையைத் தாங்கிக்கொண்டான். அவள் வலது பாதத்தைத் தட்டினாள், பிறகு இடது பாதத்தை. சிவப்பாகக் கொஞ்சம் உதிர்ந்தது, வேலிக்கு உள்ளேயே விழும்படி பார்த்து உதறினாள்.

"இன்னும் இருக்குதும்மா, நகக்கண்ணுல" என்றார் காவலாளி, மரியாதையாகத்தான் சொன்னார்.

அவள் சோளத்தட்டையில் ஒரு சிம்பை ஒடித்து, குனிந்து, ஒவ்வொரு நகமாகச் சுரண்டத் தொடங்கினாள்.